மேற்படி ஹென்றி

தியென் ஊரைவிட்டுப் போனது 1994 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மெர்ட்டன் ஊர்ப் பள்ளியில் பாதி ஆண்டில் போகிற பிள்ளைகள் பாடப்புத்தகத்தையும் லாக்கர் பூட்டையும் திருப்பித் தந்துவிட்டுப் போக வேண்டும். அது பள்ளியின் சட்டம். ஆசிரியை ஆர்டிஸ் அன்ரூவின் எட்டாம் வகுப்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு: சீட்டையும் தந்துவிட வேண்டும். அன்றும் அவர் காபி டப்பாவை ஒரு கையால் இடுப்போடு அணைத்து, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார்.

பையன் புத்தகத்தை மேசையில் வைத்தான். அதன்மேல் பூட்டை வைத்தான்.

"சீட்டு?"

"தொலைஞ்சு போச்சு மிஸ்."

சொல்லும்போது அவன் தரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தான். வெளியே அவன் அப்பாவின் வண்டி பின்னால் மூன்று மெத்தைகளைக் கட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. டெக்சஸ் கடற்கரைக்குப் போகிறார்களாம், இறால் படகில் வேலையாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். மிஸஸ் அன்ரூ டப்பாவை மூடினார். "நல்லபடியா போய்ட்டு வா" என்றார். ஐந்து மாதமாக அவரிடம் வாய் திறக்காத பையன் அன்றைக்குப் பேசியது அந்த மூன்று வார்த்தைதான்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. இப்போது அறுபதைத் தொட இன்னும் ஓராண்டு. அதே அறை, அதே டப்பா. டப்பாவின் மேல் இருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்து போய், எந்தக் காபி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கரும்பலகை போய் வெள்ளைப் பலகை வந்திருக்கிறது. தலைமுடி சாம்பல் நிறமாகிவிட்டது. அதை உச்சியில் சுருட்டிச் சிவப்புப் பென்சிலைக் குறுக்கே செருகி வைக்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. "மிஸ், உங்க தலைல ஆன்டெனா நீட்டிக்கிட்டு இருக்கு" என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு குறும்புக்காரன் சொல்வான். "அதுல உன் வீட்டுப்பாடம் வரலைன்னுதான் தகவல் வருது" என்பார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உட்கார மாட்டார். அவருக்கென்று கொடுத்த நாற்காலியில் பல காலமாக ஒரு மணிபிளான்ட் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் நடத்துவார். ரப்பர் அடி போட்ட காலணி, சத்தமே வராது. பின்வரிசையில் மேசைக்கு அடியில் போனைத் தட்டுகிற பிள்ளைக்கு முதலில் தெரிவது அவருடைய நிழல்தான். கத்த மாட்டார். போனைப் பிடுங்க மாட்டார். பக்கத்தில் நின்று, திரையில் இருப்பதைத் தாழ்ந்த குரலில் வாசிக்கத் தொடங்குவார். இரண்டாவது வரி வருவதற்குள் போன் பைக்குள் போய்விடும்.

எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு. தேயிலையைக் கடலில் கொட்டியதிலிருந்து வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டு ஓய்ந்தது வரை, அப்புறம் ரயில் பாதை போட்டு மேற்கே நகர்ந்து இந்தக் கன்சஸ் சமவெளிக்கு வந்து சேர்வது வரை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட அலுப்பான விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "தேதியெல்லாம் உங்க போன்லயே கெடக்கு. எனக்கு ஆளச் சொல்லு" என்பார். யாராவது ஒரு தகவலைச் சொன்னால், உடனே மூன்று கேள்வி வரும். யார் எழுதினது? எப்ப எழுதினது? எழுதறப்போ அவன் எங்க நின்னுக்கிட்டு இருந்தான்? இந்த மூன்றாவது கேள்விதான் பிள்ளைகளைப் படுத்தும். சுதந்திரப் பிரகடனத்தையே, "எழுதினவர் வீட்டுல அன்னைக்குச் சமையல் பண்ணது யாரு?" என்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். அடிமைகள் என்கிற பதிலைப் பிள்ளைகளே சொல்லும் வரை அடுத்த பக்கம் புரளாது.

அக்டோபரில் ஒருநாள், காற்று ஆளைத் தள்ளுகிற நாளாகப் பார்த்து, வகுப்பையே வெளியே கிளப்பிவிடுவார். குடியேறியவர்களுக்கு அரசாங்கம் நூற்றறுபது ஏக்கர் கொடுத்தது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காலால் படிக்க வேண்டும். பள்ளி வாசலிலிருந்து தானியக் கோபுரம் வரை அரை மைல், அங்கிருந்து கல்லறைத் தோட்டத்து வேலி வரை அரை மைல், அப்படியே சுற்றித் திரும்பி வந்தால் ஒரு குடும்பத்தின் நிலம்.

"இவ்ளோவும் ஓசியா மிஸ்?"

"அஞ்சு வருஷம் குடியிருந்து உழுதா, கிட்டத்தட்ட ஓசி."

"அப்போ அதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தா?"

"இந்த ஒரு கேள்விக்காகத்தான்டா கண்ணு ரெண்டு மைல் நடக்கவெச்சேன். திரும்ப நட, சொல்றேன்."

ஆனால் ஊர் அவரை நினைவு வைத்திருப்பது டப்பாவுக்காக. மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 1885-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப் பேரேடு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதிலிருந்து பத்துப் பதினைந்து பக்கம் நகல் எடுத்து, இருபத்தேழு வரிகளைக் கத்தரித்தார். ஒரு வரிக்கு ஓர் ஆள்: பெயர், வயது, ஆணா பெண்ணா, நிறம், எங்கே பிறந்தார், என்ன தொழில். செப்டம்பரில் டப்பாவைக் குலுக்குவார். ஆளுக்கொரு சீட்டு. அந்த ஆண்டு முழுக்க வெள்ளிக்கிழமை வருகைப் பதிவு அந்தப் பெயரில்தான். கூப்பிட்டதும் எழுந்து நின்று, "போன வாரம் உங்க வீட்டுல என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய செய்தித்தாள், சமையல் குறிப்பு, வானிலைக் குறிப்பு, எதைப் புரட்டியாவது சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததை அளந்தால் அந்த மூன்று கேள்வியும் பாயும். மே மாதம், அந்த ஆட்கள் ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று அவர் சொல்வார். அன்றைக்கு அழுகிற பிள்ளைகள் உண்டு.

மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கும் பெண், முட்டை அட்டையை ஸ்கேன் செய்துகொண்டே, "நான் எலைசா கார்பெட் மிஸ். நாலு புள்ளைல மூணு ஒரே குளிர்காலத்துல போச்சு" என்பாள். எலைசா கார்பெட் செத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஒருமுறை வேகமாகப் போனதற்கு நெடுஞ்சாலையில் வழிமறித்த போலீஸ்காரர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "கொல்லன் ஓட்டோ நான்தான் மிஸ்! தெரியலையா?" என்றாராம். அபராதம் போட்டாரா என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். "போட்டான். ஓட்டோ யோக்கியன்" என்றார் மிஸஸ் அன்ரூ.

இனி அந்தச் சிவப்புப் பென்சில். பேரேட்டில் ஒரு குடும்பத்தின் தலைவருக்கு மட்டும்தான் குடும்பப்பெயர் முழுசாக இருக்கும். மனைவி, மக்களுக்கு அதையே திரும்பத் திரும்ப எழுத எந்தக் குமாஸ்தாவுக்குக் கை வரும்? நம் பத்திர எழுத்தர்கள் 'மேற்படி' என்று போட்டுவிட்டு நகர்வது போல, அவர்களும் 'டிட்டோ' என்பதைச் சுருக்கி டி, ஓ என்று இரண்டே எழுத்தில் முடித்துக்கொண்டார்கள். வரியைத் தனியாகக் கத்தரித்தால் மேலே இருந்த பெயர் போய்விடும், வெறும் 'மேற்படி' மட்டும் மிஞ்சும். அதனால் அவர் ஒவ்வொரு சீட்டிலும் அந்த இரண்டு எழுத்தின் தலைக்கு மேல் உண்மையான குடும்பப்பெயரைச் சிவப்புப் பென்சிலால் பொடியாக எழுதிவைப்பார். நகல் மங்கும்போது புதிதாக எடுப்பார், மறுபடி எழுதுவார். 1993 செப்டம்பரில் அப்படிப் புதிதாக எடுத்தபோது ஒரு சீட்டில் விட்டுப்போயிற்று.

அந்தச் சீட்டைத்தான் தியென் எடுத்தான்.

அவன் அப்பா ஊருக்கு வெளியே உள்ள மாட்டிறைச்சி ஆலையில் வேலை பார்த்தார். வியட்நாமியக் குடும்பங்கள் நாற்பது ஐம்பது அப்போது மெர்ட்டனில் இருந்தன. பையன் ஏழாம் வகுப்பு நடுவில் வந்து சேர்ந்தான். நன்றாக எழுதுவான், பேச மாட்டான். குடும்பப்பெயர் 'டோ'. ஆங்கிலத்தில் எழுதினால் டி, ஓ. அதைப் பிள்ளைகள் 'டூ' என்று வாசித்தார்கள். அவ்வளவு போதாதா? பக்கத்து மேசை கோடி ஷ்ராக் தினமும் ஒரே நகைச்சுவையை அலுக்காமல் சொல்லுவான்: "டூ, ஹோம்வொர்க் டூ பண்ணிட்டியா டூ?" தியென் பென்சில் சீவிக்கொண்டிருப்பான்.

அன்றைக்குச் சீட்டைப் பார்த்தவன் கையைத் தூக்கினான். அந்தக் கை மேலே போய் அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மிஸ், இது எங்க பேரு."

"எது?"

"ஹென்றி டோ. வயசு பதிமூணு." அவன் எழுந்தே நின்றுவிட்டான். "எங்க குடும்பப் பேரு மிஸ். அப்பவே எங்க ஆளுங்க இங்க இருந்திருக்காங்க!"

வகுப்பு திரும்பிப் பார்த்தது. கோடி ஷ்ராக் சீட்டை எட்டிப் பார்த்து, "ஏய், நெஜமாவே டூன்னு போட்டிருக்குடா" என்றான். இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

மிஸஸ் அன்ரூவுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பென்சில் தலையில்தான் இருந்தது. எடுத்து இரண்டடி நடந்து, ஹென்றியின் உண்மையான குடும்பப்பெயரை, 'பிகெலோ' என்று எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கை இன்னும் பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு எதையும் தள்ளிப்போட ஒரு வார்த்தை உண்டு. "பாப்போம்" என்றார்.

அந்தப் 'பாப்போம்' ஐந்து வெள்ளிக்கிழமை ஓடியது.

முதல் வெள்ளி: "ஹென்றி, போன வாரம் உங்க வீட்டுல என்ன?" "மீன் கெடைக்கல மிஸ். ஆத்துல தண்ணி இல்ல. அம்மா கோதுமையில கஞ்சி வெச்சாங்க." வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். இரண்டாவது வாரம், பிறந்த இடம் ஒஹாயோ என்று போட்டிருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். "வழியில பொறந்திருப்பான்" என்றான் தியென். "நானே அப்படித்தான். அப்பா அம்மா படகுல கெளம்பி, மலேசியாவுல ஒரு தீவுல கேம்ப். அங்கதான் பொறந்தேன். அதுக்காக நான் மலேசியாக்காரனா?" நிறம் என்ற இடத்தில் வெள்ளை என்று இருப்பதைக் கோடி கண்டுபிடித்துச் சொன்னபோது, தியென் ஆசிரியரின் ஆயுதத்தையே எடுத்தான். "எழுதறப்போ அவன் எங்க நின்னான்? குதிர மேல. கதவத் தட்டக்கூட எறங்கியிருக்க மாட்டான். தூரத்துலேர்ந்து பாத்து எல்லாருக்கும் வெள்ளைன்னு போட்டுட்டுப் போயிருப்பான்." அந்த ஆண்டு அந்த வகுப்பில் அவருடைய மூன்றாவது கேள்வியை அவ்வளவு அழகாகப் பயன்படுத்தியவர் வேறு யாரும் இல்லை. பயன்பட்டது ஒரு தப்புக்கு.

இன்றைக்கும் இதைச் சொல்லும்போது அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு பேசுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது. "மறந்தது தப்பு இல்ல. எல்லாரும் மறப்போம். தெரிஞ்சப்புறம் அஞ்சு வாரம் ரசிச்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதான்" என்பார்.

அக்டோபரில் பெற்றோர் சந்திப்பு. ஆளுக்குப் பத்து நிமிடம். தியென்னின் அப்பா டோ வான் லுவான், ஆலை ஷிப்ட் முடிந்து குளித்த ஈரத் தலையோடு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். நாளெல்லாம் கத்தி பிடித்து விரல்கள் மூட்டுக்கு மூட்டு வீங்கியிருந்தன. நிலாப் பண்டிகைக்குச் செய்கிற, பயறும் முட்டைக் கருவும் வைத்த கேக்குகள் நான்கு, ஒரு சிவப்புத் தகரப் பெட்டியில். மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் மிஸஸ் அன்ரூ பக்கம் நகர்த்தினார். அவருக்கு ஆங்கிலம் ஆலை அளவுக்குத்தான். பையன் நடுவில் உட்கார்ந்தான்.

"அப்பா சொல்றாரு, அந்தப் பேரேட்டுப் பக்கத்த ஒரு காப்பி எடுத்துத் தருவீங்களா? பள்ளிக்கூடத்து முத்திரையோட."

"எதுக்குன்னு கேளு."

பையன் கேட்கவில்லை, அவனுக்கே தெரியும். "ஆலையில அப்பா பக்கத்துல நிக்கிற ஒருத்தன், டெய்லி, 'உன் ஊருக்குப் போடா'ங்கறான். லாக்கர் கதவுல ஒட்டிவெச்சுக் காட்டணுமாம். எங்க ஆளு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க இருக்கான், நீ எப்ப வந்தேன்னு கேக்கணுமாம்."

மிஸஸ் அன்ரூ கேக் பெட்டியைப் பார்த்தார். பிறகு, இனி பாப்போம் சொல்ல முடியாது என்று, முழுவதையும் சொன்னார். அது பெயர் இல்லை, மேற்படி. அந்தச் சீட்டில் இருக்கும் பையனுடைய பெயர் ஹென்றி பிகெலோ. பென்சிலால் எழுத மறந்தது தான்தான், தெரிந்தும் சொல்லாமல் விட்டதும் தான்தான். "அப்படியே அப்பாகிட்ட சொல்லு தியென்."

தியென் அப்பாவிடம் ஏதோ சொன்னான். அப்பா முகம் மலர்ந்தது. எழுந்து மிஸஸ் அன்ரூவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொன்னே?"

"நீங்க சொன்னதத்தான் மிஸ்."

"தியென்."

"...காப்பி எடுக்க ரெண்டு நாள் ஆகும்னு."

பதின்மூன்று வயதுப் பையனின் தலையில் தான் ஏற்றிய பாரம் எவ்வளவு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் அந்த அறையிலிருந்து ஒரு பொய்யை முத்திரையோடு வெளியே போக விட அவருக்கு மனமில்லை. எழுந்து கரும்பலகைக்குப் போனார். மேலே 'ஏமஸ் பிகெலோ' என்று எழுதினார். அதன் கீழே 'கிளாரா', 'ஹென்றி'. இரண்டுக்கும் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்து. அடுத்துத் தன் பெயர் 'ஆர்டிஸ் அன்ரூ'. கீழே கணவர் 'ட்வெய்ன்', பக்கத்தில் அதே இரண்டு எழுத்து. தன்னைத் தொட்டுக் காட்டினார், விரலிலிருந்த மோதிரத்தைக் காட்டினார், எழுத்திலிருந்து மேலே பெயருக்கு அம்பு போட்டார். பிறகு ஹென்றிக்குப் பக்கத்தில் இருந்ததை அழித்துவிட்டுப் 'பிகெலோ' என்று எழுதினார்.

லுவான் பலகையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்துபோய்ச் சாக்பீஸை வாங்கி, ட்வெய்னுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்தையும் சற்றுத் தள்ளிப் பெரிதாக எழுதினார். 'டி'யின் முதுகெலும்புக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டார். 'ஓ'வின் தலையில் ஒரு கூரை வைத்தார். அந்தக் கூரைக்கு மேல் ஒரு நெளிவு. சாக்பீஸால் அதைத் தட்டி, நெஞ்சில் கைவைத்தார். திரும்பி, மொட்டையாக நின்ற மற்ற எழுத்துகளைக் காட்டிக் கையை விரித்தார். ஏதோ சொன்னார்.

"அப்பா என்ன சொல்றாரு?"

"இது எங்க பேரு இல்லையாம்." பையன் பலகையைக் காட்டினான். "எங்க பேருக்குக் கோடு உண்டு, தொப்பி உண்டு, தொப்பிமேல பாம்பு உண்டுன்றாரு. கேம்ப்ல டைப் அடிச்ச ஒரு அம்மாவோட மெஷின்ல அதெல்லாம் இல்லையாம், அதனால விட்டுட்டாங்களாம்."

அப்பா இன்னும் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். இதைப் பையன் மொழிபெயர்க்கவில்லை. மிஸஸ் அன்ரூ கேட்கவும் இல்லை.

"தப்பு என்னோடதுன்னு சொல்லு."

"வேண்டாம் மிஸ். புரிஞ்சிடுச்சு அவருக்கு."

கேக் பெட்டியை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. கூட்டுகிறவருக்கு 'அழிக்காதீர்கள்' என்று எழுதி, அந்தப் பலகையின் மூலையை அவர் ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தார். கோடும் கூரையும் நெளிவும் எந்த வரிசையில் போட்டார் என்று மதிப்பெண் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை "ஹென்றி பிகெலோ" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. கோடி ஷ்ராக்கூட மெதுவாக, "சொல்லேன்டா" என்றான். மார்ச் வரை ஒவ்வொரு வெள்ளியும் அவர் கூப்பிட்டார், ஒரு நிமிடம் காத்திருந்தார், வருகை ஏட்டில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளிகள் இருபது ஆகும்போது அந்த வண்டி மெத்தைகளோடு கிளம்பியது.

அதன்பிறகு ஒவ்வொரு செப்டம்பரும் டப்பாவைக் குலுக்கும் முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறார். பெயர் சொல்வதில்லை, ஒரு பையன் என்பார். "நான் பண்ண தப்பு" என்றுதான் தொடங்குவார். பிள்ளைகளுக்கு ஆசிரியர் தப்பு செய்த கதை என்றால் உயிர். காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். சென்ற ஆண்டு ஹோதன் என்கிற சோமாலியப் பெண், "அந்தப் பையன் உங்கள மன்னிச்சிட்டானா மிஸ்?" என்று கேட்டாள். "தெரியாது." "கேக்கவே இல்லையா?" "எங்க இருக்கான்னு தெரியாதும்மா." "இப்பல்லாம் தேடினா அஞ்சு நிமிஷம் மிஸ்!" என்று போனை எடுத்தாள். "உள்ள வை" என்றார் மிஸஸ் அன்ரூ. தேட அவருக்கும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பெயரைத் தட்டி, தேடு என்ற பொத்தானை அழுத்தாமல் மூடியிருக்கிறார்.

டப்பாவில் இப்போதும் இருபத்தாறு சீட்டுதான். நீதிமன்றம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஹென்றி பிகெலோவைத் திரும்ப நகல் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. மூன்று தலைமையாசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "பாப்போம்" என்றார். எந்த ஆண்டாவது பிள்ளைகள் இருபத்தேழு என்று வந்துவிட்டால், ஒரு சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்து, இரட்டைப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்.

2022 ஆகஸ்ட். பள்ளி திறக்க ஒரு வாரம். வகுப்பறையில் மணிபிளான்ட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அலுவலகத்துப் பெண் ஒரு உறையைக் கொண்டுவந்து வைத்தாள். "யாரோ விச்சிட்டாவுலேர்ந்து மிஸ். பேரு 'டூ'ன்னு போட்டிருக்கு." அவர் பூவாளியைக் கீழே வைத்தார். உட்கார இடம் தேடி, தொட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே ஒரு கடிதமும் இரண்டு சீட்டும்.

"மிஸ், சீட்டு தொலையல. உங்க முகத்தப் பாத்துப் பொய் சொன்னேன். அன்னைக்குச் சந்திப்பு முடிஞ்சு வண்டியில போறப்பவே அப்பா அதக் கேட்டு வாங்கிக்கிட்டார். ஆலையில ஒட்டல. படகுல, தூண்டில் முள் வைக்கிற பெட்டியில, பிளாஸ்டிக் சுத்தி வெச்சிருந்தார். நம்ம ஆளு இல்லன்னு உங்களுக்கே தெரியுமே, அப்புறம் எதுக்குன்னு ஒருதடவ அப்பாகிட்ட கேட்டேன். 'பதிமூணு வயசு, அப்பா இழுத்துக்கிட்டு வந்த ஊரு, வழியில பொறந்தவன். இவன எங்க விடறது'ன்னார். இந்த வசந்தத்துல அப்பா தவறிட்டார். பெட்டிய நான் எடுத்துக்கிட்டேன்.

உங்க மேல ரொம்ப நாள் கோவம் இருந்தது. சொல்லாம விட்டதுக்கு இல்ல. அத என் வாயால அப்பாவுக்குச் சொல்லச் சொன்னீங்களே, அதுக்கு. போன மாசம் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் என் பொண்ணுகிட்ட, 'உங்க பாட்டிக்கு இத எடுத்துச் சொல்லும்மா'ன்னார். நான் அவர நிறுத்திட்டு நானே சொன்னேன். அன்னைக்குதான் உங்களுக்கு எழுதணும்னு தோணிச்சு.

ஹென்றிய உங்ககிட்டயே அனுப்பறேன். கூட இன்னொரு சீட்டு. என் பொண்ணுக்கு வயசு பதிமூணு, எட்டாவது போறா. அவ பள்ளிக்கூடத்துல டப்பா எதுவும் இல்லையாம். பேரேட்டு முறைப்படிதான் எழுதியிருக்கேன். சிவப்புப் பென்சில் உங்ககிட்டதான் இருக்கும்."

பழைய சீட்டு தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது, ஓரத்தில் துருக்கறை. புதியது கறுப்பு மையால், பேரேட்டு எழுத்தைப் போலவே சாய்த்து எழுதியது. லியென், மேற்படி. வயது பதின்மூன்று. பெண். பிறந்த இடம் கன்சஸ்.

அவர் பென்சிலை உருவியதும் முடி சரிந்து தோளில் விழுந்தது. முதலில் பழைய சீட்டை எடுத்து, இருபத்தொன்பது ஆண்டுக்கு முன் எழுத வேண்டியதைப் பொடியாக எழுதினார்: பிகெலோ. அடுத்து லியென்னுடைய சீட்டு. அந்த இரண்டு எழுத்தின் தலைக்கு மேல் அதே இரண்டு எழுத்தை எழுதினார். மதிப்பெண் ஏட்டைப் புரட்டவில்லை. 'டி'யின் முதுகுக்குக் குறுக்கே ஒரு கோடு. 'ஓ'வின் தலையில் ஒரு கூரை. பென்சிலைத் தூக்கி, முனையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கூரைக்கு மேல் அந்த நெளிவைப் போட்டார்.